கட்டி முடித்த பிறகு தொடங்கும் வேலை

மதிப்பிற்குரிய ஐயா,

சிவில் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், வணிகக் கட்டடங்களின் வடிவமைப்பு சொன்னபடி பயன் தருகிறதா என்று மதிப்பிடும் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், அப்படியொரு வேலை உண்டா என்பதே உங்கள் கவலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வருவது அரிது. பசுமைக் கட்டட ஆலோசனை, எரிசக்தித் தணிக்கை, பெரிய அலுவலக வளாகங்களின் பராமரிப்பு ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்களில் தேட வேண்டும்.

லண்டனில் 20, ஃபென்சர்ச் தெருவில் எழுந்த அலுவலகக் கோபுரத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு, 2013இல் வெயிலைக் குவித்து, தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. பின்னர் அதற்கு வெயில் தடுப்புகளைப் பொருத்த நேர்ந்தது. அது ஊரறிந்த பிழை. பெரும்பாலான பிழைகளோ மின்கட்டணத்திலும், மேற்குச் சன்னலோரம் இருப்பவர் வியர்த்திருக்க நடுக்கூடத்தில் இருப்பவர் சால்வை போர்த்திக்கொள்வதிலும்தான் வெளிப்படும். அவற்றைப் பிடிக்க, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்று கணக்கிட்டு, வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம், கரியமில வாயு ஆகியவற்றை அளந்து, அங்கே பணியாற்றுவோரிடமும் விசாரித்து, வடிவமைத்தவர் எதிர்பார்த்ததோடு ஒப்பிட வேண்டும். எண்ணை மட்டும் நம்பினால் பாதி காலியாகக் கிடக்கும் கட்டடம்கூடச் சிக்கனமானதாகத் தோன்றும் என்பதால், இப்பணிக்குக் கணக்கறிவைவிடச் சந்தேகப்படும் குணமே முதலில் தேவை என்பது என் கருத்து.

மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007இல் வந்து 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை (பொருத்தப்பட்ட மின்சாதனங்களின் மொத்தத் திறன்) உள்ள வணிகக் கட்டடங்களைக் கருத்தில் கொண்டது அது. இத்துறையின் தேவை பெருமளவு இத்தகைய விதிகளிலிருந்தே பிறக்கிறது.

மேற்படிப்புக்கு அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தைப் பரிசீலிக்கலாம். சான்றளிக்கப்பட்ட எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை எழுதப் பொறியியல் பட்டத்துக்குப் பின் பணி அனுபவமும் வேண்டும் என்பதால், அதற்கு இப்போது அவசரம் இல்லை. வேலை உறுதி என்று சொல்லி விற்கப்படும் மென்பொருள் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள்; ஒரு கட்டடத்தின் எரிசக்திச் செலவைக் கணினியில் முன்கூட்டியே கணித்துக் காட்டும் (சிமுலேஷன்) மென்பொருளான, அமெரிக்க எரிசக்தித் துறையின் எனர்ஜிபிளஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

இறுதியாண்டு புராஜெக்டாகத் தம் கல்லூரியின் ஒரு கட்டடத்தையே உங்கள் மகள் எடுத்துக்கொள்ளட்டும். ஓராண்டு மின்கட்டண விவரத்தை அலுவலகத்தில் கேட்டுப் பெற்று, கோடைக்கு முன்பே அளவீட்டைத் தொடங்கி, சிமுலேஷன் சொன்னதற்கும் அளந்து கண்டதற்கும் உள்ள வேறுபாட்டையும் அதன் காரணத்தையும் எழுதி வைத்தால், நேர்காணலில் காட்டுவதற்கு அந்த அறிக்கையே போதும்.