14 துணிப்பைகளை என்ன செய்வது?

கேள்வி: கடைகளில் இலவசமாகக் கொடுத்ததில் வீட்டில் 14 துணிப்பைகள் சேர்ந்துவிட்டன. ‘மக்கும் பை’ என்று வாங்கியதைத் தொட்டி மண்ணில் புதைத்தேன். எட்டு மாதமாகியும் கிழியக்கூட இல்லை. பசுமைப் பொருள் என்பதே வெறும் வியாபாரமா? பருவநிலைக் கொள்கை எதையும் நம்பத் தோன்றவில்லை.

பதில்: உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்கிற பொருள், அரசு போடும் விதி, அறிவியல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் துணிப்பை. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப் பை ஒன்றை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் அது ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிறகு குப்பைக்கூடையில் போட்டுப் பயன்படுத்துவதாகவும் வைத்துத்தான் இந்தக் கணக்கு. பலரும் பரப்பும் ‘7,100 முறை பயன்படுத்த வேண்டும்’ என்ற எண்ணும் இதே ஆய்வில் உள்ளதுதான். எல்லா அளவீடுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது வானிலுள்ள ஓசோன் படலத்தின் சிதைவு என்ற ஒன்றே அதை அவ்வளவு உயர்த்துகிறது. வாரம் ஒரு பை எடுத்துப்போனால் ஒரு பைக்கு ஒரு வருடம் போதும். 14 பையையும் மாற்றி மாற்றி எடுத்தால் 14 வருடம் ஆகும். தப்பு துணியில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தெருவிலும் கடலிலும் சேரும் குப்பையை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் பைத் தடைக்கு முக்கியக் காரணமே அந்தக் குப்பைதான். சாக்கடை அடைப்பைத் தடுக்க வந்த விதியைப் ‘பூமியின் சூட்டைக் குறைக்கும்’ என்று விளம்பரப்படுத்தும்போதுதான் மக்கள் ஏமாந்ததாக உணர்கிறார்கள்.

உங்கள் ‘மக்கும் பை’ மண்ணில் மக்காததில் வியப்பில்லை. ஈஎன் 13432 என்ற ஐரோப்பியத் தரம் தொழிற்சாலை உரக்கூடத்துக்கானது. அங்கே குவியல் 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் வாரக்கணக்கில் ஈரமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். தொட்டி மண்ணுக்கு அந்தச் சூடு ஏது? பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ‘மக்கும்’ என்று விற்ற ஒரு வகைப் பை மூன்று வருடம் மண்ணிலும் கடல்நீரிலும் கிடந்த பிறகும் சாமான் தாங்கியது. ஆகவே தர எண்ணும், எந்தச் சூழலில், எத்தனை நாளில் மக்கும் என்ற விவரமும் அச்சிடாத பையை வாங்காதீர்கள். ‘ஆக்சோ’ என்று போட்டிருந்தால் அறவே வேண்டாம். அது மக்காது, தூள்தூளாக உடையும். மக்கும் பையைப் பிளாஸ்டிக் மறுசுழற்சிக் கூடையிலும் போடாதீர்கள், மற்றதையும் கெடுத்துவிடும். அம்பு முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண்ணும் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சிக்கு அது உத்தரவாதமில்லை.

கொள்கையிலும் நல்லதும் சறுக்கியதும் உண்டு. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனை அரிக்கும் வாயுக்களை உண்மையிலேயே ஒழித்துக்காட்டியது. கரியமில வாயு குறையும் என்று ஐரோப்பிய நாடுகள் டீசல் கார்களுக்கு வரிச்சலுகை கொடுத்ததோ நகரக் காற்றை நைட்ரஜன் ஆக்சைடால் கெடுத்தது. ஒவ்வொரு விதியையும் அதன் விளைவை வைத்து எடை போடுங்கள். அறிவியல் மட்டும் தனி. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா ஆய்வகத்தில் 1958இல் அளவெடுக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எந்தப் பை விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த அளவு அதுதான்.

கரியமில வாயுவைக் குறைக்க வீட்டில் எதில் கைவைப்பது என்று கேட்டால், தண்ணீர் சூடாக்குவதில் கைவையுங்கள். 100 லிட்டர் தண்ணீரின் சூட்டை 30 டிகிரி கூட்ட ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் போகும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி விளக்கு 380 மணி நேரத்துக்கு மேல் எரியும். கீசரின் தெர்மோஸ்டாட்டை 50 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். தேக்கிவைக்கும் கீசரென்றால் 60ஐ ஒட்டியே இருக்கட்டும், சூடு குறைந்தால் தொட்டியில் கிருமி வளரும்.

14 பைகளில் தடித்த இரண்டை வாசலருகே மாட்டுங்கள். மீதியைத் தேவைப்படுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கடையில் பதினைந்தாவதை நீட்டினால் வாங்காமல் வாருங்கள்.