பேரனும் ஊசியும்

கேள்வி: ஜரீனா என்ற ஓவியர் வெள்ளைத்தாளில் ஊசியால் குத்தித் துளை போட்டதை எல்லாம் பெரிய அருங்காட்சியகங்களில் சட்டம் போட்டு மாட்டுகிறார்களாமே? என் ஆறு வயதுப் பேரன் தினமும் இதைத்தான் செய்கிறான். இதற்கும் கலை என்று பெயரா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: பேரனுக்கு என் வாழ்த்து. ஒரு முழுத் தாளைக் கொடுத்து, கிழியாமல், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை குத்திக்கொண்டே வரச் சொல்லிப் பாருங்கள். நாலாவது வரிசையில் எழுந்து விளையாடப் போய்விடுவான். போகவும் வேண்டும், ஆறு வயது.

நீங்கள் சொல்லும் தாள்கள் 1970களின் பிற்பகுதியில் செய்தவை. மை இல்லை, வண்ணம் இல்லை. ஊசி வெளிவரும் இடத்தில் தாள் லேசாக உதடு பிதுக்கும்; பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு துளி நிழல். உங்களுக்கும் எனக்கும் தாள் என்றால் எதையாவது எழுதுகிற இடம். அவருக்கு அது தச்சருக்கு மரம் மாதிரி. 1980களில் காகிதக் கூழையே அச்சில் வார்த்துச் சிற்பமாக்கினார்.

வரையத் தெரியாமல் இந்த வழிக்கு வந்தவரோ என்று சந்தேகப்படாதீர்கள். 1937இல் அலிகாரில் பிறந்தவர். அங்கேயே கணிதம் படித்து 1958இல் பட்டம் பெற்றவர். பாரிஸில் ஹேட்டர் என்ற அச்சுக் கலைஞரின் பட்டறையில் உலோகத் தகட்டு அச்சும், டோக்கியோவில் தோஷி யோஷிடாவிடம் மரக்கட்டை அச்சும் பயின்றவர். பிறகு நியூயார்க்கில் குடியேறி, காகிதம் செய்வதைப் பிறருக்குக் கற்றும் கொடுத்தார்.

ஊசியை விடுங்கள், உளிக்கு வருவோம். 2001இல் அவர் செய்த மரக்கட்டை அச்சு ஒன்றின் பெயர் 'பிரிக்கும் கோடு'. இந்தியா–பாகிஸ்தான் எல்லைதான் அந்தக் கோடு. பலகையில் ஒரு கோட்டைக் கீறுவது சின்ன வேலை. அவர் கோட்டில் கை வைக்கவில்லை. அதற்கு இரு பக்கமும் இருந்த மரத்தைச் செதுக்கி எடுத்தார். பள்ளத்தில் மை ஏறாது, மிஞ்சி நின்ற கோட்டில் மட்டுமே ஏறும். உளிக்குத் தப்பிய சிலாம்புகளும் கொஞ்சம் மை வாங்கி, வெள்ளை நிலமெங்கும் கறுப்புக் கீற்றுகளாக விழுந்திருக்கின்றன. 1947இல் அசல் கோட்டைப் போட்ட பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் அதை ஐந்தே வாரத்தில் முடித்துவிட்டார். அதற்கு முன் அவர் இந்தியாவைப் பார்த்ததுகூடக் கிடையாது.

ஜரீனாவின் குடும்பம் 1959இல் கராச்சிக்குப் போனது. கணவரின் வெளியுறவுப் பணியால் இவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். 1999இல் முப்பத்தாறு உருதுச் சொற்களைத் தேர்ந்து, பாகிஸ்தானில் ஓர் எழுத்தணிக் கலைஞரிடம் அனுப்பி எழுதி வாங்கி, சொல்லுக்கு ஒரு மரக்கட்டை அச்சாக ஒரு தொகுப்புச் செய்தார். வீடு, வாசல், எல்லை, மொழி என்று போகும். படம் என்று பார்த்தால் நாலைந்து கோடுகள்தான். வீட்டுக்கு ஒரு தளவரைபடம், வாசற்படிக்கு ஒரு பட்டை.

2004இல் இன்னொரு தொகுப்பு. கராச்சியிலிருந்த சகோதரி பெற்றோரின் மரணத்தைப் பற்றியும் விற்றுப்போன வீட்டைப் பற்றியும் எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் பின்னாளில் இவர் கைக்கு வந்தன. அந்தக் கையெழுத்தை அப்படியே உலோகக் கட்டையாக்கி, அதன்மேல் வீட்டு வரைபடங்களையும் ஊர் வரைபடங்களையும் ஏற்றி அச்சிட்டார். உருது தெரிந்தவர்களும் முழுதாகப் படிக்க முடியாதபடி வரிகளுக்குக் குறுக்கே சுவர்கள் நிற்கின்றன. ஜரீனா 2020இல் லண்டனில் காலமானார்.

பேரன் அடுத்த முறை ஊசி எடுக்கும்போது தாளுக்கு அடியில் பழைய துணி ஒன்றை நாலாக மடித்து வையுங்கள். துளை சுத்தமாக விழும், உங்கள் மேஜையும் பிழைக்கும்.