பெருங்காமநல்லூரும் செயற்கை நுண்ணறிவும்

அன்புள்ள அக்கா,

வெகுநாளாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். சில மாதங்களாகச் சரியான தூக்கமில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றிய வீடியோக்களை ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது மனிதனை மிஞ்சிவிடும், பிறகு நம்மையே ஒழித்துவிடும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். லேப்டாப் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். நாங்கள் பேசுவதை போன் ஒட்டுக்கேட்கிறது என்கிறாள் மனைவி. வேலைக்கு வரும் அக்காவைப் பார்த்துக்கொள்ள சமையலறையில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம். இப்போது அது எங்களையும் பார்க்கிறதோ என்று பயமாக இருக்கிறது. எதைக் கண்டுபிடித்தாலும் மனிதன் கடைசியில் கெட்டதற்குத்தான் பயன்படுத்துவான் என்றால், கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் அல்லவா? மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் எதிர்காலம் என்னாகும்? உங்களுக்குப் பயமே இல்லையா?

சரவணன்,
கோவை

அன்புள்ள சரவணன்,

முதலில் அந்த வீடியோக்களை நிறுத்துங்கள். உலகம் அழியப்போகும் கதையை ராத்திரி இரண்டு மணிக்கு ஹெட்போனில் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஒன்று முடிந்ததும் அதைவிடப் பயங்கரமான இன்னொன்றை எடுத்து உங்கள் முன்னால் வைப்பதும் நீங்கள் பயப்படுகிற அதே சரக்குதான். டெஸ்டிங்கில் இருக்கிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இயந்திரம் நம்மை ஒழிக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 2023ல் ஜெஃப்ரி ஹிண்டன் கூகுளை விட்டு வெளியே வந்து எச்சரித்தார். அந்தத் துறையின் பிதாமகர், சும்மா பேசுகிறவர் இல்லை. அவரை மறுக்கவோ ஆமோதிக்கவோ எனக்குப் படிப்பு போதாது. போன் ஒட்டுக்கேட்கிற விவகாரத்தை நீங்களும் மனைவியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மகளுக்குப் பொதுத்தேர்வு வருகிறது. அப்பாவின் பயத்தையும் புத்தகப் பையில் வைத்து அனுப்பாதீர்கள், பாவம். நன்றாகப் படிக்கட்டும், நன்றாகத் தூங்கட்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. எழுதும்போது நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள். அந்தச் சமையலறைக் கேமரா.

உங்கள் முகத்தை எவனோ பார்த்துவிடக் கூடாதென்று லேப்டாப்பில் ஸ்டிக்கர். உங்களுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவரின் தலைக்கு மேலே கேமரா. அவர் வந்து, முந்தானையை இழுத்துச் செருகி, அடுப்புச் சூட்டில் கழுத்து வியர்வையைத் துடைத்து, நின்றபடியே ஒரு வாய் காப்பி குடிப்பது வரை உங்கள் போனில் ஓடுகிறது. அவரிடம் கேட்டுவிட்டா வைத்தீர்கள்? அப்படி என்னத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், துவரம்பருப்பையா? இப்போது அபார்ட்மென்ட் ஆப்களில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு நட்சத்திரம் போடும் வசதி இருக்கிறது. எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார், எப்போது போனார், எல்லாம் பதிவாகிறது. சம்பளத்தைப் பத்தாம் தேதி வரைக்கும் இழுத்தடிக்கிற வீட்டுக்கு அவர் நட்சத்திரம் போட அந்த ஆப்பில் இடம் உண்டா? உங்கள் பயம் என்னவென்று எனக்குப் புரிகிறது. கண்காணிப்பு மாடியேறி உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதோ என்று பயப்படுகிறீர்கள். கீழே இருக்கிறவர்களிடம் அது வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2022ல் குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. விரல் ரேகை, உள்ளங்கை, பாதம், கருவிழி, விழித்திரை வரைக்கும் பதிந்தெடுத்து, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. அது ரத்து செய்த பழைய சட்டம் பிறந்த வருஷம் 1920. அந்த எண்ணைப் பார்த்ததும் சட்டத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு 1920 என்றால் வேறொன்று ஞாபகம் வரும்.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ல் வடக்கே தொடங்கியது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்துசேர்ந்தது. ஒருவன் திருடினானா இல்லையா என்ற கேள்வியே அதில் கிடையாது. எந்தச் சாதியில் பிறந்தான் என்பது போதும். பிரமலைக் கள்ளர் வீட்டு ஆண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் ரேகை பதிய வேண்டும். இருட்டினால் போலீஸ் கண்ணெதிரே சாவடியில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க முடியாது என்று நின்றார்கள். போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர் என்று ஊர் கணக்கு வைத்திருக்கிறது. அதில் ஒருத்தி மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள்.

என் அப்பத்தா பேச்சியம்மாள் அப்போது கைக்குழந்தை விட்டுக் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை. வேறு ஊர், ஆனால் அதே சட்டம்தான். அவளுடைய அப்பா பத்து விரலையும் மையில் உருட்டிக் கொடுத்துவிட்டு, வாழ்நாளில் பாதியைச் சாவடித் திண்ணையில் தூங்கிக் கழித்தவர். "கல்யாணத்தன்னைக்கும் ராத்திரி மாப்பிள்ள சாவடிக்குத்தேன் போகணும். பொண்ணு வீட்டுக்குள்ள ஒத்தையில கெடக்கும்" என்பாள் அப்பத்தா. சொல்லும்போது அழ மாட்டாள், வெற்றிலையை இடித்துக்கொண்டே சொல்வாள்.

அவளுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. தபால்காரர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, ஸ்டாம்ப் பேடைத் திறந்து திண்ணையில் வைப்பார். ஊரில் எல்லாக் கிழவிகளும் கட்டைவிரலை ஒற்றிவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பத்தா புறங்கையால் அந்தப் பேடைத் தள்ளிவிட்டு பேனாவைக் கேட்பாள். பள்ளிக்கூடம் போகாதவள். என் சிலேட்டை வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து, தன் பெயரின் ஏழு எழுத்தை மட்டும் படித்துக்கொண்டாள். ‘ச்’சுக்குப் புள்ளி வைக்க மறந்துபோகும், கடைசியில் திரும்பி வந்து வைப்பாள். நாக்கு நுனி உதட்டோரம் வெளியே நிற்கும். தபால்காரர் அவசரப்படுத்தினால், "இருய்யா. களவாண்டவுக வைக்கட்டும் ரேகை. நான் என்னத்தக் களவாண்டேன்?" என்பாள். அந்த ஏழு எழுத்து முடிகிற வரைக்கும் சர்க்கார் வாசலில் நிற்க வேண்டும். வேறு வழியில்லை.

கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்கிறீர்கள். ரேகையால் எத்தனையோ கொலைகாரர்கள் பிடிபட்டிருக்கிறார்கள், செய்யாத குற்றத்திலிருந்து தப்பியவர்களும் உண்டு. அதை இல்லாமலாக்க நான் கேட்கவில்லை. ஆனால் அது எங்கே பிறந்தது என்று பாருங்கள். 1858ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சல்லி சப்ளை செய்யவந்த ஒரு காண்டிராக்டரின் கையை ஒப்பந்தத்தில் ஒற்றி வாங்கினார். பின்னாளில் பேச்சு மாறக் கூடாது என்பதற்காக. 1897ல் கல்கத்தாவில் ரேகைக் காப்பகம் வந்தது. எட்வர்ட் ஹென்றியின் பெயரில் உலகமெல்லாம் போன அந்த வகைப்பாட்டுக்கு உண்மையில் மண்டையை உடைத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு உள்ளூர் போலீஸ்காரர்கள். பத்து விரலின் சுழிகளை எண்ணாக்கி, மனிதர்களை 1024 பொந்துகளில் பிரித்துப் போடும் கணக்கு. 1024, கணினிக்காரரான உங்களுக்கு அன்றாடம் பழகிய எண்தான். நாலு வருஷம் கழித்து, 1901ல்தான் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. இங்கே சோதித்துப் பார்த்துவிட்டு அங்கே கொண்டுபோனார்கள்.

ஆக, கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, யார் குற்றம் செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் இயந்திரம் ஒன்று இந்த நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மர அலமாரி, மைக்கட்டை, ஒரு ஏட்டு. அதற்கு மூளையே தேவைப்படவில்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் யார் ஏமாற்றுவார்கள் என்று கணிக்க ஒரு நிரல் வைத்திருந்தார்களே, அதில் டச்சுக் குடியுரிமை இல்லாதவர் என்றால் சந்தேகப் புள்ளி கூடும். வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கடனாளி ஆக்கினார்கள். 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. பிறப்பைப் பார்த்துச் சந்தேகப்படுகிற அந்தப் புத்தியை எங்கள் தாத்தா பாட்டிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைக்கு எதிரே நின்று சண்டை போட ஓர் ஆள் இருந்தான். தாசில்தாரைத் திட்டலாம், ஏட்டுக்குக் கையூட்டு கொடுத்துச் சரிக்கட்டலாம், கோர்ட்டுக்குப் போகலாம். மதுரையில் ஜார்ஜ் ஜோசப் என்றொரு வக்கீல் இருந்தார், செங்கன்னூர்க்காரர். இந்தச் சட்டத்தை எதிர்த்து எங்கள் பக்கத்து ஜனங்களுக்காக வாதாடியவர். சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள். பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள், ஆண்பிள்ளைக்கும்தான். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிய 1947 வரை ஆனது. ஆனாலும் வாதாட ஒரு மேஜை இருந்தது, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருந்தது.

இப்போது யாரிடம் வாதாடுவது? பிரிட்டன் தபால் துறையில் 1999 வாக்கில் ஹொரைசான் என்ற கணினிக் கணக்கு வந்தது. அதில் நுண்ணறிவு என்று மண்ணாங்கட்டியும் கிடையாது, வெறும் கூட்டல் கழித்தல். அது தப்பாகக் கூட்டியது. உங்கள் பாஷையில் பக். கல்லாவில் பணம் குறைகிறது என்று கிளைத் தபால் நிலையம் நடத்தியவர்களைத் திருடர்கள் ஆக்கினார்கள். 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்களிடம், வேறு யாருக்கும் இப்படி வரவில்லை, உங்களுக்கு மட்டும்தான் என்றார்கள். கணினி ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும் என்று வைத்துக்கொண்டே அந்த ஊர் நீதிமன்றங்கள் வழக்கைக் கேட்டன. சரவணன், ரிலீஸ் தேதி நெருங்குகிறது என்று எத்தனை பக்கை ‘லோ பிரையாரிட்டி’ போட்டுத் தள்ளியிருப்பீர்கள்? உலகத்தை ஒழிக்கும் இயந்திரத்தை நினைத்துத் தூக்கம் போகிறதே, இதை நினைத்து ஒரு ராத்திரியாவது போயிருக்கிறதா?

தெலங்கானாவில் ரேஷன் கார்டுகளை ஒரு மென்பொருள் சலித்தெடுத்தது. ரிக்‌ஷா இழுத்தவரின் மனைவிக்கு, உன் புருஷன் பேரில் கார் இருக்கிறது என்று சொல்லி அரிசி நின்றுபோனது. பெயர் ஒத்துப்போன வேறொருவருடைய கார். ரத்தான கார்டுகளை நேரில் போய்ச் சரிபார்க்கச் சொல்லி 2022ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே வருஷம், முக அடையாள மென்பொருளில் 80 விழுக்காடு ஒத்துப்போனால் ஆள் இவன்தான் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீஸ் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் கொடுத்தது. 80. பரீட்சையில் வாங்கினால் முதல் வகுப்பு.

எங்கள் ஊர் ரேஷன் கடையில் என் சித்தி நிற்பதைப் பார்த்தேன். களையெடுத்தும் பாத்திரம் தேய்த்தும் விரல் மழமழவென்று ஆகிவிட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வைக்கிறாள், மிஷின் சிவப்பு காட்டுகிறது. முந்தானையில் துடைத்து, தலையெண்ணெயில் தடவி மறுபடி வைக்கிறாள். கடைக்காரர் நல்ல பிள்ளைதான், தான் பிறந்ததிலிருந்தே சித்தியை அவருக்குத் தெரியும். "நான் என்ன பண்ணட்டும் அத்தை, இது ஏத்துக்க மாட்டேங்குதே" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போது மிஷினைத்தான் பார்த்தார், சித்தியைப் பார்க்கவில்லை. என்னுடைய பயத்தைக் கேட்டீர்களே, அது இந்த அளவுதான். தெரிந்த மனுஷியைத் தெரியும் என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பிள்ளை கையைவிட்டுப் போய்விட்டது.

நூறு நாள் வேலையைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலைத்தளத்தில் தினம் இரண்டு முறை படமெடுத்து ஆப்பில் ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். கண்மாய்க் கரையில் பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக வரிசையில் நிற்பார்கள். பணித்தளப் பொறுப்பாளர், அதுவும் ஒரு சின்னப் பெண்தான், சிக்னல் தேடிக் கரைமேல் ஏறி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள். காலைப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மணிக்கணக்கு இடைவெளி வேண்டும் என்பதால், வேலையை முடித்துவிட்டவர்களும் வெயிலில் காத்துக் கிடப்பார்கள். அன்றைக்கு சர்வர் படுத்துவிட்டால் வெட்டிய மண்ணுக்குக் கூலி இல்லை. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் வருகின்றன, பட்டியலில் இருக்கும் தலைகளும் படத்தில் இருக்கும் தலைகளும் ஒத்துப்போகவில்லை என்று அதில் வரிசையாகக் குற்றச்சாட்டு. இதற்கு அமைச்சகம் சொன்ன வழி என்ன தெரியுமா? ஏறுகிற படங்களை ஊராட்சி அளவில் ஆட்கள் உட்கார்ந்து நூற்றுக்கு நூறும் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அக்கா