திருச்செந்தூரில் பழைய ஹோட்டல்களின் ருசி ஏன் மாறிவிட்டது? பழைய சாப்பாடு இன்னும் எங்கே கிடைக்கும்?

போர்டில் அதே பெயர், சாம்பார் மட்டும் வேறு யாரோ வைத்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தது வேறு ஆள்தான். சன்னதித் தெருப் பக்கம் அப்படி ஒரு போர்டு எங்கள் தாத்தா மாட்டியது. கடையைப் பெயரோடு சேர்த்து வாடகைக்கு விட்டவன் நான்.

வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வந்து, கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளித்து, தரிசனம் முடித்து, சின்ன வயதில் அப்பாவோடு தின்ற இட்லியைத் தேடுகிறவராக இருப்பீர்கள். தப்பில்லை. ஆனால் உங்களை நம்பி மிச்ச 364 நாள் கடை நடத்த முடியாது.

எங்கள் கடையில் அதிசயம் ஒன்றும் கிடையாது. விறகடுப்பு, குரும்பூர் பக்கமிருந்து விடியற்காலையில் வரும் இலைக்கட்டு, உடன்குடிக் கருப்பட்டிக் காபி, 31 வருஷமாக ஒரே மாஸ்டர். கந்த சஷ்டிக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், பாதிப் பேர் விரதம் என்பதால் பாலும் பழமும்தான் போகும். ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்து, கடலில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு வருவார்கள் பாருங்கள், ராத்திரி இலை போட்டு மாளாது. அப்பாவே கல்லாவை விட்டு எழுந்து சாம்பார் வாளியைத் தூக்குவார். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா? ஆறு நாளா வயித்தக் காயப் போட்டிருக்கிய" என்பார். அவர் இருந்தவரை 'அளவுச் சாப்பாடு' என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் மாஸ்டருக்கு முட்டி போனது. அவர் மகன் சவூதியில். புதிதாக வந்த மாஸ்டர்கள் யாரும் மூன்று மாதம் தாண்டவில்லை. 2023 டிசம்பர் மழையில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஆற்றங்கரை வாழையெல்லாம் தண்ணீருக்குள். அதற்குப் பிறகு இலைக்கு நான் கொடுத்த விலையை வீட்டில்கூடச் சொல்லவில்லை. அடுத்த பங்குனியில் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

கோயிலில் 2021 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடப்பதால்தான் கடைகள் படுத்தன என்று சிலர் சொல்வார்கள். மதிய வியாபாரம் குறைந்தது நிஜம், அதை மறைப்பானேன். அதற்காக முருகன் வாசலில் பசித்தவன் சாப்பிடுவதைக் குறை சொல்கிற ஆள் நானில்லை. யாரும் கிளம்பி வந்துவிடாதீர்கள்.

"பாட்டன் பேர வித்துத் தின்னுட்டான்" என்று பேசிய சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட எங்கள் கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டதில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

போன ஆவணித் திருவிழாவுக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு பையன் வந்து, "சார், டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க" என்றான். வாங்கினேன். சாம்பார் லேசாக இனித்தது. காபியில் கருப்பட்டி இல்லை, சீனி. தாத்தா படத்துக்கு மட்டும் அன்றைக்குக் கட்டிய பூ போட்டிருந்தார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமைதான் போடுவோம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 'நெல்லைச் சொதி' என்று ஊற்றுகிறார்களே, அது குருமா. சொதிக்கு முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் விட வேண்டும், கொதிக்க விடக்கூடாது. எலுமிச்சம்பழம் அடுப்பை விட்டு இறக்கிய பிறகு. பக்கத்தில் இஞ்சித் துவையல் இல்லாமல் எங்கள் ஊர் மறுவீட்டுப் பந்தியில் அதை வைத்தால் சம்பந்தி எழுந்து போய்விடுவார். சென்னையிலோ இருநூற்றைம்பது ரூபாய் வாங்கிவிட்டு ஊறுகாய் வைக்கிறார்கள்.

சரி, எங்கே கிடைக்கும் என்றீர்கள். ரத வீதிகளை விட்டு உள்ளே தள்ளி, வீட்டுத் திண்ணையிலேயே இட்லி ஊற்றுகிற ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். ஏழு மணிக்குள் போய்விடுங்கள். எங்கள் கடைச் சாம்பாரேதான் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டில் உண்டு. விலாசம் தர மாட்டேன், எனக்கே இரண்டு கரண்டிதான் விழுகிறது.