ஃபெல்ட் தொப்பியின் உயரமும் விளிம்பும்: கேள்விகளும் பதில்களும்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறையைத்தான் சொல்கின்றன: தொப்பி நல்ல தொப்பிதான், ஆனால் போட்டுப் பார்த்தால் எடுப்பாக இல்லை. ஃபெல்ட் என்பது நெய்த துணி அன்று; ஈரமும் சூடும் அழுத்தமும் பட்டு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட படலம். ஆகவே இருக்கும் ஃபெல்ட்டை இடம் மாற்றலாம், ஆனால் இல்லாத ஃபெல்ட்டைக் கூட்ட முடியாது. கீழுள்ள பதில்கள் எல்லாம் இந்த ஓர் உண்மையை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

செந்தூல் வாசகர்: ஐயா, வணக்கம். நான் குள்ளம், முகமும் வட்டம். புதிதாக வாங்கிய ஃபெடோராவின் (நடுவில் பள்ளமும் முன்பக்கம் இரு ஒடுக்குகளும் உள்ள ஃபெல்ட் தொப்பி) உச்சி கோபுரம் மாதிரி நிற்கிறது. விளிம்பு 7 சென்டிமீட்டர். விளிம்பை வெட்டிக் குறைத்தால் சரியாகுமா?

தயவுசெய்து கத்தரியை எடுக்காதீர்கள். உங்கள் குறை உச்சியில் இருக்கும்போது விளிம்பைக் குறைத்தால், அதே உச்சி முன்னைவிட உயரமாகத் தெரியும். உயரமும் அகலமும் ஒன்றையொன்று பார்த்துத்தான் கண்ணுக்குப் படுகின்றன. முதலில் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன் நில்லுங்கள்; முகம் மட்டும் தெரியும் குளியலறைக் கண்ணாடி இதற்கு உதவாது, ஏனெனில் தொப்பியைத் தோள்களோடும் முழு உடலோடும் சேர்த்தே அளக்க வேண்டும். உச்சியின் மேற்பகுதி கன்ன எலும்புகளைவிடக் குறுகியிருந்தால் வட்ட முகம் இன்னும் வட்டமாகத் தோன்றும். எனவே முன்பக்கத்தின் இரு ஒடுக்குகளையும் ஆவி காட்டி இளக்கி, உள்ளிருந்து விரலால் தள்ளி அகலப்படுத்துங்கள். பிறகு நடுப்பள்ளத்தை ஆழமாக்குங்கள். பள்ளமே போடாத உச்சி பொதுவாக 13 முதல் 15 சென்டிமீட்டர் வரை உயரமிருக்கும். பள்ளம் போட்டபின் முன்பக்கம் 11 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும். பள்ளத்தை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் அதுவே உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். ஒரு துளிகூட வெட்டாமல் கிடைக்கும் மாற்றம் இது. பிடிக்காவிட்டால் மறுபடியும் தூக்கிவிடலாம்.

நாடாவையும் கவனியுங்கள். தொப்பியின் நிறத்திலேயே இருக்கும் மெல்லிய நாடா உச்சியை நீட்டிக் காட்டும். மாறுபட்ட நிறத்தில் 4 சென்டிமீட்டர் அகல நாடா அந்த உயரத்தைக் குறுக்கே வெட்டிக் குறைத்துக் காட்டும். செலவு மிகக் குறைவு, பலனோ பலரும் எதிர்பார்ப்பதைவிட அதிகம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: ஆவி காட்டச் சொல்கிறீர்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?

முதலில் உள்பட்டையை, அதாவது நெற்றியில் படும் தோல் பட்டையை, வெளிப்புறமாகத் திருப்பிவிடுங்கள். ஃபெல்ட் ஆவியைத் தாங்கும், தோல் தாங்காது. ஒருமுறை சூட்டில் சுருங்கிய தோல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கெட்டிலில் தண்ணீர் நன்கு கொதித்து ஆவி சீராக வந்ததும், மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் ஒரு சாண் தூரத்தில் காட்டி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்குள் ஃபெல்ட் அனலில் வாட்டிய வாழையிலைபோலத் துவளும். அப்போது ஆவியிலிருந்து விலக்கி, விரல் நுனியால் குத்தாமல் விரல்களின் தட்டையான பகுதியால் அழுத்தி, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்து, சூடு ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இந்தக் கடைசிப் படிதான்: ஆவி இளக்க மட்டுமே செய்யும், வடிவம் நிலைப்பது ஆறும்போதும் உலரும்போதும்தான். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ந்தது என்று நம்பிவிடாதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு வைத்து, மறுநாள் போடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம்.

கம்பளி ஃபெல்ட் சீக்கிரம் துவளும், சீக்கிரம் வடிவத்தை இழக்கவும் செய்யும். முயல் ரோம ஃபெல்ட் சற்றுப் பிடிவாதமானது, ஆனால் கொடுத்த வடிவத்தை நெடுநாள் காக்கும்.

கெப்போங் வாசகர்: என் தொப்பியில் 7 1/4 என்று இருக்கிறது, நண்பரின் தொப்பியில் 7 1/8. இருவருக்கும் தலைச்சுற்று 58 சென்டிமீட்டர்தான். எது சரி?

இரண்டும் சரி. அமெரிக்க அளவில் 7 1/4 என்பதும் பிரிட்டிஷ் அளவில் 7 1/8 என்பதும் 58 சென்டிமீட்டரையே குறிக்கின்றன. இந்த எண்கள் விட்டத்தை அங்குலத்தில் சொல்பவை. ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு விட்டம் கூடினால் சுற்றளவு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடும். இணையத்தில் வாங்கும்போது சென்டிமீட்டர் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: பெருமழையில் நனைந்த பிறகு என் தொப்பியின் உச்சி மேலே செல்லச் செல்லக் குறுகி, கூம்பாகிவிட்டது. ஆவி காட்டி இழுத்தால் நிமிரும், இரண்டு நாளில் மறுபடியும் குறுகிவிடுகிறது.

ஃபெல்ட் தொப்பி பிறப்பதே கூம்பாகத்தான். ஆலையில் ரோமத்தை மிகப் பெரிய கூம்பாகப் படியவைத்து, வெந்நீரிலும் அழுத்தத்திலும் அதைச் சுருக்கி, பிறகே மர அச்சின் மேல் இழுத்து நேர்ச்சுவர் உச்சியாக மாற்றுகிறார்கள். நனையும்போது அந்த இழுவை தளர்ந்து, ஃபெல்ட் குறுகத் தொடங்குகிறது. கையால் இழுப்பது எத்தனை முறை செய்தாலும் நிற்காது. அச்சில் மாட்டி, முழுவதும் உலரும்வரை விட்டால்தான் நிற்கும்.

அதற்கு நாடா, உள்துணி, உள்பட்டை மூன்றையும் தையல் பிரித்து எடுத்துவிட வேண்டும். உள்பட்டையின் முன், பின் இடங்களைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட் முழுவதையும் ஆவியில் இளக்கி அச்சின் மேல் இழுத்து, உச்சியும் விளிம்பும் சேரும் இடத்தில் பருத்திக் கயிற்றைச் சுற்றி இறுக்கி, கயிற்றை மெல்லக் கீழே தள்ளுங்கள். மர அச்சு கிடைக்காதவர்கள் எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பயன்படுத்துவது உண்டு. மேற்பகுதிக்கு அது ஓரளவு உதவும். ஆனால் பாத்திரம் வட்டம், மனிதத் தலை நீள்வட்டம். 58 சென்டிமீட்டர் தலை என்றால் முன்பின் சுமார் 20, பக்கவாட்டில் சுமார் 17 சென்டிமீட்டர் இருக்கும். அதனால் அடிப்பகுதியை மட்டும் உலர்வதற்கு முன் கையால் நீள்வட்டமாக்கிவிட வேண்டும். தொப்பி விலையுயர்ந்தது என்றால் இந்த வேலையைப் பழகியவரிடம் கொடுப்பதே நல்லது.

அம்பாங் வாசகர்: நெற்றியிலும் பின்மண்டையிலும் இறுக்கம், காதுகளுக்கு மேல் இடைவெளி. ஓர் அளவு பெரிதாக வாங்கினால் காற்றில் பறக்கிறது.

அளவு சரியாகவே இருக்கிறது, வடிவம்தான் ஒத்துவரவில்லை. உங்கள் தலை சற்று நீண்ட நீள்வட்டம். உள்பட்டை இருக்கும் அடிப்பகுதிக்கு இலேசாக ஆவி காட்டி (தோலைத் திருப்பிவிட்டு), இரு பக்கங்களையும் உள்ளங்கைகளால் மெதுவாக அமுக்குங்கள்; அமுக்கும்போது முன்னும் பின்னும் தானாக நீளும். இன்னும் சிறிது இடைவெளி மிஞ்சினால், பக்கங்களில் மட்டும் உள்பட்டைக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே மெல்லிய நுரைப்பட்டையைச் செருகுங்கள். பாரிசில் 19ஆம் நூற்றாண்டில் உருவான, தலையில் கவிழ்த்துச் சுற்றுவடிவத்தைக் காகிதத்தில் துளையிட்டுக் காட்டும் கருவியைப் பழைய தொப்பிக் கடைகள் வைத்திருந்ததன் காரணம் இதுதான்: ஒரே சுற்றளவுள்ள இரு தலைகள் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை.

ஜோர்ஜ் டவுன் வாசகி: 1930களில் தாத்தா அணிந்த தொப்பி எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மகன் போட ஆசைப்படுகிறான், ஆனால் இறுக்கமாக இருக்கிறது. ஆவி காட்டி விரிக்கலாமா?

அம்மா, இதற்கு மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். முயல் ரோமம் நன்றாகப் பின்னிக்கொள்வதற்காக 18ஆம் நூற்றாண்டிலிருந்தே பாதரச நைட்ரேட் கரைசலைப் பூசினார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர்களுக்கு வந்த நடுக்கம் அந்த ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டது. அந்நாட்டில் 1941 டிசம்பரில்தான் தொப்பித் தொழிலில் பாதரசம் நின்றது. அதற்கு முற்பட்ட தொப்பிகளில் இன்றும் பாதரசம் தங்கியிருக்கக்கூடும். சூடு பட்டால் அது காற்றில் கலக்கும். சமையலறையில் கெட்டில் முன் வைத்துச் செய்யும் வேலை அன்று இது. மேலும் அந்த வயதுத் தோல் பட்டை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். விரித்தால் தையல் ஓட்டையிலேயே கிழியும். தாத்தாவின் தொப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், எடுத்தால் கையைக் கழுவுங்கள். அதன் உச்சி உயரம், விளிம்பு அகலம், நாடா அகலம் மூன்றையும் அளந்துகொண்டு, புதிய தொப்பி ஒன்றை அதே அளவுகளில் மகனுக்கு வடிவமைத்துக் கொடுக்கலாம்; அந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்வேன்.

ஆயர் ஈத்தாம் வாசகி: கேமரன் மலை போகும்போது போடுவதற்காக அகல விளிம்புள்ள கம்பளி ஃபெல்ட் தொப்பி வாங்கினேன். விளிம்பு கண்ணை மறைத்துத் தொங்குகிறது.

விளிம்பைத் தட்டையான பலகையில் வைத்து, ஈரத்தைப் பிழிந்த பருத்தித் துணியை மேலே போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் விளிம்பு நீண்டு அலையலையாகிவிடும். அதன்பின்னும் தொங்கினால் விறைப்பு ஏற்ற வேண்டும். தொப்பிக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மிக நீர்த்த கரைசலாக, விளிம்பின் அடிப்பக்கத்தில் மட்டும், மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். வெளிர் நிறத் தொப்பியில் அரக்கு மஞ்சள் படியும் என்பதால், அதற்கு நீரில் கரையும் விறைப்புக் கரைசலே ஏற்றது.

பிரிக்ஃபீல்ட்ஸ் நாடகக் குழு: எங்களிடம் பழைய ஃபெடோராக்கள் சில உள்ளன. மேடைக்கு ஒன்றைப் போர்க்பை (தட்டை உச்சித் தொப்பி) ஆகவும் ஒன்றைப் பௌலர் (உருண்டை உச்சித் தொப்பி) ஆகவும் மாற்ற முடியுமா?

போர்க்பை முடியும். உச்சியின் பள்ளங்களை எல்லாம் ஆவியில் நிமிர்த்திவிட்டு, மேற்பரப்பைச் சமமாக உள்ளே இறக்கி, சுற்றிலும் வரம்பு எழும்படி விரலால் ஓட்டிக்கொண்டே வாருங்கள். பௌலர் முடியாது. அது 1849இல் லண்டனில், குதிரையில் செல்லும் வேட்டைநிலக் காவலர்களின் தலையை மரக்கிளைகளிலிருந்து காப்பதற்காக உருவானது. அரக்கேற்றிக் கல்லாக இறுக்கிய ஃபெல்ட் அது. மெல்லிய ஃபெடோராவில் அந்த உருண்டை வடிவம் ஒரு காட்சிக்குக்கூட நிற்காது.

பாங்சார் வாசகர்: எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். உச்சி இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் விளிம்பு தோளுக்கு வெளியே நிற்கிறது. இப்போதாவது வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். முதலில் ஓரம் எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெறும் வெட்டோரமாக இருந்தால் எளிது. நாடா தைத்த ஓரமாக இருந்தால் அதைப் பிரித்து மறுபடியும் தைக்க வேண்டும். ஃபெல்ட்டையே மடித்துத் தைத்த ஓரமாக இருந்தால் அந்த மடிப்பு போய்விடும் என்று தெரிந்தே இறங்குங்கள். பல தொப்பிகளில் முன்பக்க அகலமும் பக்க அகலமும் சில மில்லிமீட்டர் வேறுபடும். ஆகையால் உச்சியிலிருந்து அளக்காமல், இருக்கும் ஓரத்திலிருந்து உள்நோக்கி 4 மில்லிமீட்டர் அளந்து, சுற்றிலும் சாக்குக்கட்டியால் கோடிடுங்கள். புதிய கூர்மையான கத்தரியால், நீண்ட வெட்டுகளாக, கத்தரியைத் திருப்பாமல் தொப்பியைத் திருப்பியபடி வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தை மிக நைசான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் பிசிறு அடங்கும். ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். 7 சென்டிமீட்டருக்கும் 6 சென்டிமீட்டருக்கும் இடையே தோற்றம் பெரிதும் மாறுவதால், அடுத்த 4 மில்லிமீட்டர் உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம்.