சஹாரா என்றால் எந்த சஹாரா? மொராக்கோ சிறு குழுப் பயணம்: கேள்வி-பதில்

கேள்வி: நானும் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள். மொராக்கோவை ஒரு சிறு குழுவோடு, கைடு வைத்துச் சுற்றிப் பார்க்க ஆசை. மூன்று கம்பெனிகளிடம் பயணத் திட்டம் வாங்கி வைத்திருக்கிறோம். மூன்றிலும் காசாபிளாங்கா, ஷெஃப்ஷாவன், ஃபெஸ், சஹாரா, மராகேஷ் இருக்கின்றன. ஒன்று 8 நாள், ஒன்று 10 நாள், இன்னொன்று 13 நாள். 8 நாள் பேக்கேஜ், 13 நாளுக்குக் கேட்பதில் பாதி விலைதான். அதே ஊர்களைத்தானே பார்க்கப் போகிறோம், மலிவானதை எடுத்தால் என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவை

பதில்: ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வண்டியில், எத்தனை மணி நேரம் தரையில் என்று எழுதிப் பாருங்கள். மூன்று திட்டங்களும் ஒன்றுபோல் இருக்காது.

ஃபெஸ் நகரிலிருந்து பாலைவன விளிம்பில் இருக்கும் மெர்சூகாவுக்குச் சுமார் 460 கிலோமீட்டர். அட்லஸ் மலைத்தொடரை ஏறி இறங்க வேண்டும். அஸ்ரூ பக்கம் தேவதாரு காடு, குரங்குகள்; மிதெல்த்தில் மதியச் சாப்பாடு; அப்புறம் ஸீஸ் பள்ளத்தாக்கில் பேரீச்சந்தோப்பு. அழகான வழிதான், ஆனால் எட்டு மணி நேரம் ஆகும். மெர்சூகாவிலிருந்து மராகேஷ் இன்னும் தூரம், ஏறக்குறைய 560 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் ஓட்டினால் பத்து மணி நேரம், சாப்பிட, இறங்க என்று போனால் பன்னிரண்டு. உங்கள் 8 நாள் திட்டத்தில் அந்த நாளுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். “தோத்ரா பள்ளத்தாக்கு, வார்சாசாத், ஐத் பென் ஹத்து வழியாக மராகேஷ்” என்று இருந்தால், அந்த “வழியாக” என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஐத் பென் ஹத்து 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் மண்கோட்டை ஊர். மேலே வரை ஏறி இறங்கவே ஒன்றரை மணி நேரம் வேண்டும். இருட்டியபின் அங்கே போய்ச் சேர்ந்தால், டிரைவர் ஹெட்லைட் போட்டுக் காட்டுவார், அவ்வளவுதான்.

அதோடு, 8 நாள் என்றால் வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதற்குள் அடக்கம். சென்னையிலிருந்து காசாபிளாங்காவுக்கு நேரடி விமானம் இல்லை. வழியில் எங்காவது மாற வேண்டும். அசந்து போய் இறங்குவீர்கள். உங்கள் கையில் நிற்பது ஆறு நாள். அதில் இரண்டு நாளை மேலே சொன்ன சாலை தின்றுவிடும்.

அடுத்து, சஹாரா. எல்லோரும் சஹாரா என்றுதான் போடுகிறார்கள். படத்தில் பார்க்கும் பெரிய மணல்மேடுகள் வேண்டுமென்றால் திட்டத்தில் மெர்சூகா அல்லது எர்க் ஷெப்பி (மெர்சூகாவை ஒட்டிய மணல்மேட்டுப் பகுதி) என்று பெயர் இருக்க வேண்டும். அங்கே மேடுகள் 150 மீட்டர் உயரம் வரை போகும். சகோரா என்று இருந்தால் அதுவும் பாலைவனம்தான், பெரும்பாலும் கல்லும் மண்ணும், ஆங்காங்கே சிறு மணல்மேடு. அகாஃபே என்றால் மராகேஷிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் கட்டாந்தரை, சஹாராவே அல்ல. கூடாரம், ஒட்டகம், மத்தளம் எல்லாம் அங்கேயும் உண்டு, மணல்தான் இருக்காது. அகாஃபேயை அகாஃபே என்றே சொல்லி விற்றால் குற்றமில்லை. “பாலைவனக் கூடாரத்தில் ஓர் இரவு” என்று மட்டும் எழுதியிருந்தால், ஊர்ப் பெயரை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

“சிறு குழு” என்பதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது. சிலருக்கு அது 8 பேர், சிலருக்கு 25. அதிகபட்சம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், வண்டியில் எத்தனை இருக்கை என்றும் கேளுங்கள். 17 இருக்கை வேனில் 12 பேர் போவது ஒரு பயணம், 16 பேர் சூட்கேஸோடு போவது வேறு. இன்னொரு கேள்வி: வேறு கம்பெனிகள் விற்ற ஆட்களும் இதே வண்டியில் ஏறுவார்களா? அங்கே வண்டி ஓட்டுவது பெரும்பாலும் உள்ளூர் நிறுவனம்தான். நாலு இடத்தில் விற்ற இருக்கைகளை ஒன்றாகச் சேர்ப்பது நடக்கும்.

“பார்வையிடல்” என்ற சொல்லையும் நம்ப வேண்டாம். மொராக்கோவில் பெரும்பாலான மசூதிகளுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. ஃபெஸில் 859-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் அல்-கரவியீனை வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் மசூதி விதிவிலக்கு. அங்கே குறிப்பிட்ட நேரங்களில், டிக்கெட் வாங்கி, அவர்கள் கைடோடு உள்ளே போகலாம். பேக்கேஜ் விலையில் அந்த டிக்கெட் சேர்த்தியா, இல்லை கடற்கரை ஓரம் இறக்கிவிட்டு “போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார்களா? கேளுங்கள்.

தேதியையும் பாருங்கள். 2027-இல் ரமலான் பிப்ரவரி 8-ஐ ஒட்டித் தொடங்கி மார்ச் இரண்டாம் வாரம் வரை இருக்கும். அப்போது போகக் கூடாது என்றில்லை; நோன்பு திறக்கும் நேரத்து ஃபெஸ் தனி அழகு. ஆனால் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும், சில இடங்களில் நேரம் குறையும், கைடும் டிரைவரும் நோன்பில் இருப்பார்கள். குளிர்காலத்தில் மராகேஷுக்குத் தெற்கே இருக்கும் டிஸி-ந்-டிச்கா கணவாய் (2,260 மீட்டர்) பனியால் சில சமயம் மூடப்படும். ஜூலை, ஆகஸ்டில் மெர்சூகாவில் 40 டிகிரிக்கு மேல் காயும். விலை திடீரென்று இறங்கியிருந்தால் முதலில் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல், மே, அக்டோபர் உங்களுக்குத் தோதான மாதங்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது? ரியாத் எனப்படும் பழைய முற்றத்து வீடுகளில்தான் தங்கவைப்பார்கள். நம் ஊர் முற்றம் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், மேலே இரண்டு மாடி ஏற்றினால் ரியாத். லிஃப்ட் அநேகமாக இருக்காது, படி செங்குத்து, ஓடு வழுக்கும். பழைய நகருக்குள் கார் நுழையாது, பெட்டி கைவண்டியில் வரும். “தரைத்தள அறை வேண்டும்” என்று முன்பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். கூடாரத்துக்கு ஒட்டகத்தில் போக முடியாதவர்களை ஜீப்பில் கொண்டுவிடுவார்கள். அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எதை எடுப்பது? 10 நாள் திட்டத்தில் மெர்சூகாவுக்கும் மராகேஷுக்கும் நடுவே ஓர் இரவு தங்கல் இருந்தால் அது போதும். இல்லையென்றால் 13 நாள். 8 நாளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஷெஃப்ஷாவனை விட்டுவிட்ட திட்டமாகத் தேடுங்கள். நீலச் சுவர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் வடக்கே போய்த் திரும்ப ஒன்றரை நாள் கரைகிறது. நான் சொல்வதைக் கேட்டு அங்கே போகாதவர்கள் திட்டியும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விசா கையில் வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். பேக்கேஜ் பில்லில் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். பயப்பட வேண்டாம், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி. மட்டும் போனது போனதுதான்.

கேள்வி: “அதிகபட்சம் 12 பேர்” என்று சொன்னதால் முழுப் பணமும் கட்டினோம். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது “முன்பதிவு அதிகமாகிவிட்டது, 26 பேர், பெரிய பஸ்” என்கிறார்கள். “திட்டத்தை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு” என்று விதியைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: 12 பேர் என்பது எங்கே எழுதியிருக்கிறது? போனில் சொன்னது என்றால் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும். விளம்பரத்திலோ, வாட்ஸ்அப்பிலோ, திட்டத்தின் முதல் பக்கத்திலோ இருந்தால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இணையப் பக்கம் நாளைக்கே மாறலாம்.

ஹோட்டல் மாறுவது, ஊர் வரிசை மாறுவது போன்றவற்றுக்குத்தான் அந்த விதி. நீங்கள் கூடுதல் விலை கொடுத்ததே சிறு குழு என்பதற்காக. அது போனால் வாங்கிய பொருளே வேறாகிவிட்டது என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். முழுப் பணம் திருப்பித் தருவது, 12 பேர் போகும் வேறு தேதிக்கு மாற்றுவது, அல்லது விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருவது என்று மூன்று வழி சொல்லி, பதிலுக்கு ஒரு தேதியும் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

லண்டனிலோ மராகேஷிலோ இருக்கும் கம்பெனியிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி நீளும். அப்போது கிரெடிட் கார்டில் கட்டியவருக்கு வங்கி மூலம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திருப்பி எடுப்பது) கேட்கும் வாய்ப்பாவது இருக்கும், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பியவருக்கு அதுவும் இல்லை. அட்வான்ஸை கார்டில் கட்டுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: போய்விட்டு வந்தோம். மராகேஷில் எங்கள் கைடு கூட்டிப்போன கடையில் “கற்றாழைப் பட்டு” என்று ஒரு விரிப்பு வாங்கினேன். நூலைக் கொளுத்திக்கூடக் காட்டினார்கள். இங்கே துணிக்கடை நடத்தும் என் தம்பி ரேயான் என்கிறான். ஏமாந்துவிட்டேனா?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: உங்கள் தம்பி சொல்வது சரியாகத்தான் இருக்கும். அங்கே ஸப்ரா என்ற பெயரில் விற்கும் பளபளப்புத் துணியில் பெரும்பகுதி ரேயான். கற்றாழை நார் முரடாக இருக்கும், கயிறு திரிக்கும் கற்றாழை நாரைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கொளுத்திக் காட்டுவது நல்ல வித்தை: பாலியெஸ்டர் உருகும், ரேயான் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். நார் எரிந்தாலும் அதேதான். ஆக, அந்தச் சோதனை பிளாஸ்டிக் இல்லை என்று காட்டுமே தவிர, கற்றாழை என்று காட்டாது.

பணம் திரும்ப வராது. நல்ல ரேயான் விரிப்பு என்று சோபாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கடை விவகாரத்தில் நானும் சூடுபட்டவன். ஃபெஸ் பழைய நகரில் எங்களுக்கு ஒரு முழு நாள் இருந்தது. சந்துகள் இரண்டு பேர் உரசிப் போகும் அகலம். பின்னாலிருந்து “பாலக்! பாலக்!” என்று கத்துகிறார்கள். கீரைக்காரர் போல என்று நின்றேன். “வழிவிடு” என்று அர்த்தமாம். தோல் மூட்டை ஏற்றிய கோவேறு கழுதை என் தோளை இடித்துக்கொண்டு போனது. அப்புறம் ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகள். படியேறும்போது கையில் ஒரு கொத்துப் புதினா தருகிறார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. மொட்டைமாடியில் பத்து நிமிடம். கீழே இறங்கும் வழி தோல் கடை வழியாகத்தான். அங்கே ஒரு மணி நேரம். பிறகு கம்பளக் கடை: புதினாத் தேநீர், ஒன்றன்மேல் ஒன்றாக இருபது கம்பளம் விரிப்பு, விலை கேட்காதவரிடமும் “எவ்வளவு தருவீர்கள்?” கைடு வாசலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பித்தளைக் கடை. நாள் முடிந்தபோது கணக்குப் பார்த்தேன், பாதிப் பொழுது கடைகளில் போயிருந்தது. திட்டத்தில் “ஃபெஸ் கைவினை மரபுகள்” என்று எழுதியிருந்தார்கள்!

கைடுக்குக் கமிஷன் உண்டு, அது அங்கே ஊரறிந்த விஷயம். கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கடை, எவ்வளவு நேரம், வேண்டாதவர் வெளியே சுற்றலாமா என்று கிளம்பும் முன் கம்பெனியிடம் கேளுங்கள். அங்கே போனபின் குழுவில் நாலு பேர் சேர்ந்து முதல் நாளே பணிவாகச் சொன்னால் கைடு கேட்பார். ஒருவர் மட்டும் சொன்னால் முகம் கோணும். பழைய நகரில் காட்டுபவர் அரசு உரிம அட்டை உள்ள கைடா என்றும் பாருங்கள், அட்டை கழுத்தில் தொங்கும்.

கேள்வி: “டிப்ஸ் விலையில் சேராது” என்கிறார்கள். எவ்வளவு, எந்தப் பணத்தில்?
– வாசகர், திருச்சி

பதில்: பல குழுக்களில் தலைக்கு இவ்வளவு என்று முதல் நாளே வசூலித்துப் பொதுவில் வைத்து, கூலியாள், உணவகம், உள்ளூர் கைடு எல்லோருக்கும் அதிலிருந்து கொடுப்பார்கள். டிரைவருக்கும் குழுத் தலைவருக்கும் கடைசி நாளில் தனியாக. இரண்டுக்கும் உத்தேசத் தொகையை முன்பே எழுதி வாங்கி, விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்த பேக்கேஜ் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காரும்.

மொராக்கோ பணமான திர்ஹம் இங்கே கிடைக்காது. யூரோவோ டாலரோ கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள், ஏ.டி.எம்-மும் உண்டு. 2,000 திர்ஹமுக்கு மேல் வெளியே கொண்டுவரக் கூடாது, மிச்சத்தை அங்கேயே மாற்றிவிட்டு வர ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஏ.டி.எம். 200 திர்ஹம் தாளாகத் தள்ளும். கழிப்பறைக்காரரிடம் அதை நீட்ட முடியாது. முதல் ஹோட்டலிலேயே சில்லறை மாற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். “சைவ உணவு உண்டு” என்று திட்டத்தில் இருக்கிறது. நம்பலாமா?
– தம்பதி, மயிலாப்பூர்

பதில்: காய்கறி கிடைக்கும், தட்டுப்பாடில்லை. சிக்கல் சாற்றில். ஏழு காய் கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை) என்று வருவதன் குழம்பு பல இடங்களில் இறைச்சியோடு கொதித்தது. மேலே கறித்துண்டை எடுத்துவிட்டு வைப்பார்கள். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். நம்பிச் சாப்பிடத் தக்கவை: கத்தரிக்காய் மசித்த ஸாலூக், காலையில் கிடைக்கும் பிசாரா (காய்ந்த மொச்சை இனப் பயறு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றியது), ரொட்டி, ஆலிவ், பழம். பதிமூன்று நாளும் இதையே சாப்பிட்டால் அலுக்கும், பருப்புப் பொடி ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள்.

கேட்கும்போது “ப்லா ல்ஹம்”, அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் கோழி வரும். “ப்லா த்ஜாஜ்” என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.