கடை டிவியில் கிரிக்கெட்: எந்த சேனலுக்குக் காசு கட்டுவது?

கேள்வி: ஆம்பூரில் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனி ஆட்கள். மேட்ச் நாளில் டிவி ஓடினால் கூட்டம் கூடுகிறது. ஆனால் ஒரு தொடர் ஒரு சேனலில், அடுத்த தொடர் இன்னொன்றில் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. எல்லா விளையாட்டு சேனலும் சேர்ந்த பேக்கை எடுக்கச் சொல்கிறார் கேபிள்காரர். இந்தியா ஆடும் மேட்ச் டிடியில் இலவசம் என்கிறார்கள், என் டிவியில் அந்த நேரத்தில் வேறு ஏதோ ஓடுகிறது. நான் எதை எடுக்கலாம்? மாடியில் பெரிய திரை கட்டி ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கினால் தப்பா?

பதில்: எந்தத் தொடரைக் காட்டினால் உங்கள் கடைக்கு ஆள் வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சேனல் எது என்பது அப்புறம். காரணம், ஒளிபரப்பு உரிமை விற்கப்படுவதே தொடர்வாரியாகத்தான். ஐபிஎல் தனி, இந்திய அணி உள்நாட்டில் ஆடும் ஆட்டங்கள் தனி, உலகக் கோப்பை தனி. இந்தியா இங்கிலாந்துக்குப் போய் ஆடினால் அதை விற்பது நம் கிரிக்கெட் வாரியம் இல்லை, இங்கிலாந்து வாரியம். பேரணாம்பட்டுப் பக்கம் மாந்தோப்பைப் பூ விடும்போதே குத்தகை பேசுகிற மாதிரி, ஆட்டம் நடக்கும் முன்பே பல வருடத்துக்குச் சேர்த்து விலை பேசிவிடுவார்கள். குத்தகை முடிந்தால் சேனலும் மாறும்.

இந்த விலை எப்படி இவ்வளவு ஏறியது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், உங்கள் மாதக் கட்டணத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. 1990-களின் தொடக்கம் வரை தூர்தர்ஷனை விட்டால் வேறு வழி கிடையாது. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பில் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் மூண்ட வழக்கில், அலைவரிசை பொதுச்சொத்து, அதில் யாருக்கும் ஏகபோகம் இல்லை என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு தனியார் சேனல்களின் போட்டிக்குத் தடை இல்லாமல் போயிற்று.

2008-ல் ஐபிஎல் தொடங்கியபோது அது சோனி கையில் இருந்தது. 2017-ல் அடுத்த ஐந்து வருடத்துக்கு ஸ்டார் 16,347.50 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தது. அந்த ஏலத்தில் இந்திய டிவி உரிமைக்கு மட்டும் பார்த்தால் சோனி கேட்ட 11,050 கோடிதான் அதிகம். ஆனால் டிவி, டிஜிட்டல், வெளிநாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்டார் சொன்ன ஒரே தொகை, தனித்தனியாக வந்த உச்ச விலைகளின் கூட்டுத்தொகையையே தாண்டிவிட்டது.

2022-ல் வாரியம் அந்த வழியை அடைத்தது. டிவி வேறு, டிஜிட்டல் வேறு என்று பிரித்து மின்னணு ஏலம் விட்டது. 2023 முதல் 2027 வரைக்கு மொத்தம் 48,390 கோடி. டிவிக்கு மட்டும் ஓர் ஆட்டத்துக்கு 57.5 கோடி. இருபது ஓவர் ஆட்டத்தில் 240 பந்து என்று வகுத்துப் பாருங்கள், பந்துக்குக் கிட்டத்தட்ட 24 லட்சம். டிஜிட்டலுக்கு ஆட்டத்துக்கு 50 கோடி தனி. சீரியலை நாளைக்கும் பார்க்கலாம், மேட்ச் முடிவு தெரிந்தபின் அதை யார் பார்ப்பார்கள்? அந்த நேரத்தில் டிவி முன் உட்கார்ந்தே ஆகவேண்டியவர்களைத்தான் இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறார்கள். போட்ட பணத்தை விளம்பரத்திலும் சந்தாவிலும் எடுத்தாக வேண்டும். அந்த சந்தாதாரர்களில் நீங்களும் ஒருவர்.

அந்த ஏலத்தில் டிவியை டிஸ்னி ஸ்டார் எடுத்தது, டிஜிட்டலை வயாகாம்18. 2023-ல் இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்களையும் 5,963 கோடிக்கு வயாகாம்18 எடுத்ததால் அவை அதன் ஸ்போர்ட்ஸ்18 சேனலுக்குப் போயின. உங்களைக் குழப்பியது அந்த மாற்றமாகத்தான் இருக்கும். கடைசியில் 2024 நவம்பரில் இந்த இரண்டு நிறுவனங்களும் ஜியோஸ்டார் என்ற ஒரே நிறுவனமாகிவிட்டன. போட்டி போட்டபோது 2023, 2024 ஐபிஎல்லை மொபைலில் இலவசமாகக் காட்டினார்கள். சேர்ந்தபின் அதற்கும் சந்தா வந்துவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். ஐபிஎல், இந்தியாவில் நடக்கும் இந்திய அணி ஆட்டங்கள், ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம், ஐசிசி உலகக் கோப்பைகள் எல்லாம் இப்போது ஸ்டார் ஸ்போர்ட்ஸ் பக்கம். ஆசியக் கோப்பை 2031 வரை சோனியிடம். 2025 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தை டிவியில் காட்டியதும் சோனிதான். ஆக, வருடம் முழுக்க ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் போதும். ஆசியக் கோப்பை மாதிரி ஏதாவது வரும் மாதத்தில் மட்டும் சோனி சேனலைச் சேர்த்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பேக்தான் எடுக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்கலாம். பேக்கில் சேர்க்கப்படும் எந்தச் சேனலின் தனி விலையும் மாதம் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதற்குமேல் ஜிஎஸ்டி. உங்கள் கணக்கை அந்த 19-லிருந்து தொடங்குங்கள்.

வியாபாரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஐபிஎல் பெரும்பாலும் இரவு 7.30-க்கு. உங்கள் தேக்சா அதற்குள் காலியாகிவிடும் என்றால், நான்கு மணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு டீ குடிப்பவர்கள்தான் மிச்சம். மதியம் 1.30-க்குத் தொடங்கும் ஒருநாள் ஆட்டம் பிரியாணிக் கடைக்கு எவ்வளவோ மேல்.

டிடி விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் நேரலையைத் தனியார் சேனல்கள் டிடியை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் உண்டு, ஐபிஎல் இல்லை. ஆனால் அப்படி வாங்கிய ஒளிபரப்பை டிடி தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் கேபிள்காரர் மேல் தப்பில்லை. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு முறை வாங்கினால் போதும். இந்திய அணி ஆட்டம் மட்டும் போதுமென்றால் அதுவே மலிவான வழி.

மாடித் திரைக்கு ஆளுக்கு இருபது ரூபாய் என்பதை விட்டுவிடுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு ஒளிபரப்பைக் காட்டுவது, உரிமை வைத்திருப்பவரின் அனுமதி இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி மீறல். பில்லில் 'மேட்ச் சார்ஜ்' என்று சேர்ப்பதும் வேண்டாம், சட்டம் 'எந்தக் கட்டணமும்' என்றுதான் சொல்கிறது. மொபைல் ஆப்பைத் திரையில் போட்டுக் காட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும், கடைக்கு இல்லை. கேபிள்காரரிடம் இது வீட்டு இணைப்பு இல்லை, கடை இணைப்பு என்று சொல்லியே எடுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஐபிஎல் ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது, உள்நாட்டு ஆட்டங்களுக்கு 2028 வரை. அதைத் தாண்டும் நீண்ட காலச் சந்தா எதற்கும் இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள்.